வெங்காயக் கண்ணீர் மட்டும் ஏற்கப்படும்

தனக்கு மறதி நோய் வந்துவிட்டதா இல்லையா என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் போதும் என்றுதான் தபால்காரர் அந்த நிறுவனத்தின் படியேறினார். இவ்வளவு சின்ன ஆசையோடு அங்கே வந்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மற்றவர்களெல்லாம் ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள்.

தபால்காரர் என்பது தெரு வைத்த பெயர். உண்மையில் அவர் ஒருநாளும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக் கடிதம் கொடுத்ததில்லை. தலைமை அஞ்சலகத்தின் பின்கூடத்தில் உட்கார்ந்து, மூட்டை மூட்டையாக வந்து விழுகிற கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துத் தட்டுகளில் போடுவதுதான் அவர் பார்த்த வேலை. ஊர்களின் அஞ்சல் எண்களெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஓய்வுபெற்ற பிறகும், போகிற பேருந்தின் நெற்றியில் ஓர் ஊர்ப்பெயரைப் பார்த்தால் அதன் எண் தானாக வாயில் வந்துவிடும். மனைவி இருந்தவரை அதைக் கேட்டுச் சிரிக்க ஓர் ஆள் இருந்தது. அவள் மறதி நோயில் போய்ச்சேர்ந்தாள். அதற்குப் பிறகு எண்களைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்ச நாளாக அதுவும் தடுமாறியது. ஒருநாள் காலை பால் வாங்கிக்கொண்டு வந்தவர், மேல்மாடி வீட்டைத் தன் வீடென்று நினைத்துப் பூட்டில் சாவியைத் திருகிக்கொண்டு நின்றார். அந்த வீட்டுப் பெண் கதவைத் திறந்து, "கீழ் மாடி சார்" என்றாள். கோபித்துக்கொள்ளவில்லை. பலமுறை சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள். அந்தப் பழகிய குரலைக் கேட்டபிறகுதான், இது முதல்முறை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

வழக்கமாகப் போகிற மருத்துவரிடம் போனார். அவர் கையை விரித்தார்.

"முன்னெல்லாம் நாங்களே நாலு கேள்வி கேட்டு, ஒரு கடிகாரம் வரையச் சொல்லி, கண்டுபிடிச்சிடுவோம். இப்பதான் கருவி வந்துடுச்சே. கண்ணீர் ஒரு சொட்டு போதுமாம். அந்தக் கருவி இருக்கிற நிறுவனத்துல முடிவு வாங்காம நான் ஏதாவது சொன்னா நாளைக்கு என்னைத்தான் கேள்வி கேப்பாங்க."

மகனிடமும் சொன்னார். மகன் கடல் தாண்டி இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவான். நல்ல பிள்ளைதான், ஆனால் நல்ல பிள்ளைகளுக்கும் விடுப்பு கிடைக்க வேண்டுமே.

"முதல்ல முடிவு வரட்டும்ப்பா. ஏதாவது இருக்குன்னு தெரிஞ்சா அடுத்த விமானத்துல நான் அங்க இருப்பேன். சும்மா பயமா இருக்குன்னு சொன்னா இங்க லீவு தரமாட்டாங்க."

ஆகவே அந்த ஒரு முடிவில் நோய் மட்டும் தொங்கவில்லை, மகனும் தொங்கினான்.

நிறுவனத்தின் முழுப்பெயர் வாசல் சுவரின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலையில் முடிந்தது. 'புரத ஒளிர்வு உயராய்வு நடுவண் நிறுவனம்'. பேருந்து நடத்துனர்கள் 'கண்ணீர் ஆபீஸ்' என்று கூவி இறக்கிவிட்டார்கள். அங்கே செய்கிற வேலையைச் சொல்லப்போனால் உண்மையிலேயே அருமையான வேலைதான். ஒரு சிறிய கண்ணாடிக் குழாயில் நிறமில்லாத திரவம் வைத்திருப்பார்கள். அதில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நீல வெளிச்சம் காட்டுவார்கள். மறதி நோய்க்கான புரதம் கண்ணீரில் இருந்தால் திரவம் பச்சையாக ஒளிரும், இல்லாவிட்டால் இருட்டாகவே கிடக்கும். புரதம் எவ்வளவோ அவ்வளவு பச்சை. ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும். குழந்தைக்குப் புரிகிற ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய கட்டடத்தை எப்படி நடத்துவது என்பதுதான் நிர்வாகத்தின் முன்னிருந்த பிரச்சினை. அதை அவர்கள் திறமையாகவே சமாளித்திருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் இரண்டு கதவுகள். ஒன்றில் 'நோயுற்றோர்' என்றும் மற்றதில் 'ஆரோக்கியமானோர்' என்றும் எழுதியிருந்தது. தபால்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முதல் கதவிடம் போனார்.

"நோய்ச் சான்றிதழ் குடுங்க" என்றார் கதவருகே உட்கார்ந்திருந்த காவலாளி.

"அது இல்லைங்க. நோய் இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்."

காவலாளி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், நோய் இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு இந்தக் கதவு. இல்லைன்னு தெரிஞ்சவங்களுக்கு அந்தக் கதவு. தெரியாதவங்களுக்குன்னு நாங்க கதவு வைக்கலையே."

"அப்ப நான் எங்க போறது?"

"நோய்க்குச் சான்றிதழ் கேப்போம். ஆரோக்கியத்துக்குக் கேக்கறதில்ல. பேசாம அந்தப் பக்கமா போயிடுங்க. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் ஆரோக்கியமானவங்க குறைச்சலா இருக்காங்க."

இப்படியாக, யாரும் தொட்டுப் பார்க்காமல், நாடி பிடிக்காமல், தபால்காரர் ஆரோக்கியமானவர் ஆனார். கழுத்தில் ஓர் அட்டையும் மாட்டிவிட்டார்கள்.

கண்ணீர் எடுக்கிற அறை சின்னது, வெள்ளையடித்தது, ஜன்னல் இல்லாதது. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரு வெட்டுப்பலகை, ஒரு கூடை நிறைய வெங்காயம். சுவரில் பெரிய எழுத்தில் 'வெங்காயக் கண்ணீர் மட்டும் ஏற்கப்படும்' என்று அறிவிப்பு. கண்ணீர் சேகரிக்கிற பெண் கையுறை மாட்டிக்கொண்டு, தலைமுடியைவிடக் கொஞ்சம் பருமனான கண்ணாடிக் குழலை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"துக்கத்துல வர்ற கண்ணீர்ல வேற புரதமெல்லாம் கலந்துடும் ஐயா. கணக்கு கெட்டுடும். அதனால அழக்கூடாது, கண்ணீர் மட்டும் வரணும்" என்று விளக்கினாள். அது அறிவியல்படி சரியான பேச்சுதான்.

வெங்காயம் வெட்டினாள். தபால்காரருக்குக் கண் எரிந்தது. அதோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் வீட்டில் வெங்காயம் வெட்டும் வாசனை வந்து எவ்வளவு காலமாயிற்று என்று அவர் நினைத்துவிட்டார். தனியாள் சமையலில் வெங்காயத்துக்கு யார் மெனக்கெடுகிறார்கள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அந்தப் பெண் குழலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "எதையோ நெனச்சுட்டீங்க."

"இல்லம்மா."

"முகம் சொல்லுதுய்யா. இது செல்லாது." துடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தாள். நனைந்த பஞ்சை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அதற்குத் தனியாக ஒரு மஞ்சள் தொட்டி இருந்தது.

மறுபடியும் முயன்றார்கள், மறுபடியும் துக்கமாகவே வந்தது. கடைசியில் அவள் இழுப்பறையிலிருந்து இயக்குநரின் ஆண்டறிக்கையை எடுத்து உரக்கப் படித்தாள். "கடந்த ஆண்டில் நிறுவனம் முன்னேற்றத்தை நோக்கிய தனது முன்னேற்றத்தைத் தொடர்ந்து முன்னெடுத்தது..." இதைக் கேட்டு எந்த மனிதருக்கும் எந்த உணர்ச்சியும் வந்ததாக அங்கே சரித்திரமில்லை. இரண்டாவது பத்தி முடிவதற்குள் தபால்காரரின் மனம் கழுவிவிட்ட தரைபோல் ஆனது. கண் மட்டும் எரிந்து, சுத்தமான, காரணமில்லாத, அறிவியலுக்கு உகந்த கண்ணீர் இறங்கியது. குழல் நிறைந்தது.

முடிவு எப்போது வரும் என்று கேட்டார். அவள் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளியபடி, "வரும்" என்றாள்.

முடிவு வரவில்லை, தொலைபேசிதான் வந்தது. இன்னொரு முறை வரச் சொன்னார்கள். போனார். மறுபடி கூப்பிட்டார்கள். வாரத்துக்கு ஒருதரம் என்றிருந்தது இரண்டாயிற்று. அவருடைய வீட்டுத் தொலைபேசி ஞாயிறு தவிர வேறு நாட்களில் ஒலிப்பது அதுதான் முதல்முறை. உண்மையைச் சொன்னால் அது அவருக்குப் பிடித்திருந்தது. போகிற நாளில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். யாரோ ஒருவர் தனக்காக வெங்காயம் உரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்பது ஒரு மனிதனுக்குக் கொஞ்ச விஷயமா?

ஆனாலும் அவர் முட்டாளில்லை. வேறு யாரையும் இத்தனை முறை கூப்பிடவில்லை என்பதைக் கவனித்தார். பரிசோதனை அறைக் கதவு ஒருநாள் சாத்தாமல் கிடந்தபோது, உள்ளே நாலைந்து பேர் ஒரு குழாயைச் சுற்றி நிற்பதையும், அவர்கள் முகமெல்லாம் பச்சையாக இருப்பதையும் பார்த்தார்.

"அது என்னோடதாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுய்யா. தெரிஞ்சாலும் தெரியாது. ரகசியக் காப்பாளரைத்தான் கேக்கணும்."

ரகசியக் காப்பாளருக்கு மூன்றாவது மாடியில் பெரிய அறை. அவர் தபால்காரரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"உங்க உடம்பைப் பத்தின தகவல் ரொம்பப் புனிதமானது சார். அது வெளி ஆள் கையில சிக்கிடக்கூடாதுன்னு ராத்திரி பகலா பாடுபடறோம்."

"நான் வெளி ஆள் இல்லையே. என் உடம்புதானே அது."

"எல்லாரும் அப்படித்தான் நெனக்கிறாங்க." அவர் புன்னகை செய்தார். "கண்ணீர் உங்க கண்ணை விட்டு வந்ததும் அதுக்கு ஒரு எண் போட்டுடறோம். அந்த எண் யாருன்னு எங்களுக்கே தெரியாது. தெரியாத ஒருத்தரோட ரகசியத்தை உங்ககிட்ட எப்படி சொல்றது? நீங்கதான் அந்த ஆள்னு என்ன நிச்சயம்?"

"எண் யாருன்னு தெரியாதுன்னா, எப்படி திரும்பத் திரும்ப என்னையே கூப்பிடறீங்க?"

இந்தக் கேள்வி அவரை அசைக்கவில்லை. "அது கூப்பிடற பிரிவு சார். நான் காக்கற பிரிவு. உங்க ரகசியத்தை உங்ககிட்டேயிருந்தும் சேர்த்துக் காப்பாத்தறதுதான் எங்க நிறுவனத்தோட பெருமை. இதுவரை ஒருத்தருக்குக்கூட அவங்க நோய் என்னன்னு நாங்க தெரியவிட்டதில்ல. உலகத்துலயே இப்படி வேற எங்கயும் கிடையாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததையெல்லாம் மகனிடம் சொன்னார். எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று மகன் கேட்டுக்கொண்டான். பிறகு, "திரும்பத் திரும்பக் கூப்பிடறாங்கன்னா ஏதோ இருக்குப்பா. நான் டிக்கெட் போட்டுடறேன்" என்றான்.

தபால்காரர் "உனக்கு எதுக்குடா சிரமம்" என்று வாயால் சொன்னார். தொலைபேசியை வைத்ததும் உள்ளறைக்குப் போய், கட்டில் மேல் ஏறிக்கிடந்த பெட்டிகளையும் பழைய போர்வைகளையும் இறக்கத் தொடங்கினார். மெத்தையை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய் வெயிலில் போட்டார். தனக்கு நோய் இருக்க வேண்டும் என்று ஒரு மனிதன் ஆசைப்படலாமா? அவர் ஆசைப்பட்டார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மேல்மாடிப் பெண்ணைப் பார்த்தபோது, "பையன் வர்றான்" என்று அவள் கேட்காமலேயே சொன்னார். நோய் வந்தால் வந்துவிட்டுப் போகிறது, எப்படி இருக்கிறது என்று கையைப் பிடித்துக் கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று அவருக்குத் தோன்றியது.

கருவியை நாட்டுக்கு அர்ப்பணிக்கிற விழாவுக்கு அழைப்பு வந்தது. மகன் வருவதற்கு முந்தைய வாரம் அது. 'ஆரோக்கியமானோர்' சார்பில் மேடையில் உட்கார வேண்டியவர் தபால்காரர். 'நோயுற்றோர்' சார்பில் ஓர் அம்மாள், மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இது யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டபடி உட்கார்ந்திருந்தார். அரங்கம் நிரம்பி வழிந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். தபால்காரரின் கண்ணில் மேடையிலேயே வெங்காயம் காட்டிக் கண்ணீர் எடுத்தார்கள். அம்மாளிடமும் எடுத்தார்கள். இரண்டு குழாய்களை மேசைமேல், ஒளியை அளந்து திரையில் எண் காட்டும் கருவியின் முன்னே நிறுத்தினார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"இப்போது விளக்குகள் அணையும். நோயுற்றவரின் கண்ணீர் ஒளிரும், ஆரோக்கியமானவரின் கண்ணீர் இருட்டாக இருக்கும். பாருங்கள்."

விளக்குகள் அணைந்தன. நீல வெளிச்சம் விழுந்தது. அம்மாளின் குழாய் பச்சையாக ஒளிர்ந்தது. கைதட்டல் எழும்பப் போன நேரத்தில் தபால்காரரின் குழாயும் ஒளிர்ந்தது. சும்மா ஒளிரவில்லை. அம்மாளின் குழாய் அதன் பக்கத்தில் மங்கிப்போய், முன்வரிசைக்காரர்களின் மூக்குக்கண்ணாடியிலெல்லாம் பச்சை ஏறியது.

தபால்காரர் தன் குழாயைப் பார்த்தார். இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை, தெரிந்துவிட்டது. அதே நொடியில், பையன் வந்துவிடுவான், இனி கட்டாயம் வந்துவிடுவான் என்ற நினைப்பும் வந்து, அவர் இருட்டில் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ரகசியக் காப்பில் தானும் எதையும் அறியாதிருந்த இயக்குநருக்கும் அந்த நொடியில் நினைப்புகள் ஓடின. கருவி தப்பு என்று சொல்ல முடியாது, அதன் பெயர்ப்பலகையைச் சற்று முன்புதான் திரை விலக்கித் திறந்திருந்தார்கள். மனிதருக்கு நோய் என்றும் சொல்ல முடியாது, அவர் எந்தக் கதவு வழியாக வந்தார் என்பது பதிவாகியிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டும், அதுவும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. சாதாரண ஆளாயிருந்தால் வியர்த்திருப்பார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நண்பர்களே, இந்தக் கண்டுபிடிப்பை விழாவின் இறுதியில் வெளியிடலாம் என்றிருந்தேன். ஆரோக்கியத்துக்கு ஒளி கிடையாது என்று உலகம் இதுவரை நம்பியிருந்தது. அது பிழை. இதோ, ஆரோக்கியம் ஒளிர்கிறது. உண்மையில் நோயைவிடப் பிரகாசமாகவே ஒளிர்கிறது. ஓர் ஆரோக்கியமான மனிதரிடம் எவ்வளவு ஒளி இருக்கிறதோ அதை இனி பூஜ்யமாக வைப்போம். அதற்கு மேல் போவதுதான் நோய். அறிவியல் என்பது, நாம் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைத் தவிர வேறென்ன?"

பக்கத்திலிருந்த துணை இயக்குநர் கருவியின் பொத்தானை அழுத்தினார். தபால்காரரின் குழாய்க்கு நேரே இருந்த திரையில் பூஜ்யம் வந்தது. அம்மாளின் குழாய்க்கு நேரே பூஜ்யத்துக்கும் கீழே ஓர் எண் வந்தது. மருமகள் எழுந்து நின்றாள்.

"அப்படின்னா அத்தைக்குக் குணமாயிடுச்சா?"

"குணம் என்பது சின்ன வார்த்தை அம்மா. உங்கள் அத்தை சராசரி ஆரோக்கியத்தையும் தாண்டிப் போய்விட்டார்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த அம்மாளும் தட்டினார், பிறகு எதற்கு என்று மருமகளைக் கேட்டார். தபால்காரருக்கு 'தேசிய ஆரோக்கிய அளவுகோல்' என்று பொறித்த ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். கனமாக இருந்தது. வாங்கும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்தபின் தபால்காரர் நடைவழியில் இயக்குநரைப் பிடித்தார்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. எனக்கு நோய் இருக்கா இல்லையா?"

இயக்குநர் அவர் தோளில் கைபோட்டார். "நல்ல கேள்வி. ஆனா உலகத்துல எல்லாருக்கும் சொல்ற இந்தக் கருவி உங்களுக்கு மட்டும் சொல்லாது. உங்களை எத்தனை தரம் அளந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். ஏன்னா நீங்கதான் பூஜ்யம்."

"கருவி இல்லாம சொல்ல முடியாதுங்களா? எனக்கு மாடி மறந்துபோகுது. ஊர் எண்ணெல்லாம் மறந்துபோகுது."

"கருவி இல்லாம சொல்றதுக்குப் பேரு மூடநம்பிக்கை சார். உங்க வாயாலயா அப்படி வரணும்? நீங்க ஒரு அளவுகோல். இனிமே இந்த நாட்டுல ஆரோக்கியமா இருக்கிற ஒவ்வொருத்தரும் உங்களை மாதிரி இருக்காங்கன்னு அர்த்தம்." அவர் கைகுலுக்கிவிட்டு நகர்ந்தார்.

கண்ணீர் சேகரிக்கிற பெண் நடைவழியின் கோடியில் நின்றிருந்தாள். ஏதோ சொல்ல வந்தவள்போல் ஓரடி எடுத்து வைத்தாள். பிறகு மூன்றாவது மாடிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, "பார்த்துப் போங்கய்யா, படி இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து உடுப்பை மாற்றுவதற்குள் தொலைபேசி ஒலித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் மகன்தான்.

"அப்பா, பார்த்தேன்ப்பா. இங்க செய்தியிலயே காட்டினாங்க. ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்."

"பச்சையா எரிஞ்சுதுடா."

"ஆமாப்பா, எவ்வளவு பிரகாசமா இருந்துச்சு."

"அது நல்லதில்லைடா. முதல்ல அவங்களே சொன்னாங்க, நோய் இருந்தாதான் எரியும்னு. நீ கேட்டியா, முதல்ல என்ன சொன்னாங்கன்னு?"

"அப்பா, அது பழைய கணக்கு. அந்த இயக்குநரே சொல்றாரே. நீங்களா எதையாவது போட்டுக் குழப்பிக்காதீங்க. தனியா இருக்கீங்க, அதான் மனசு எதையாவது நெனச்சுக்குது." மகனின் குரலில் பாரம் இறங்கிய சந்தோஷம். அதைக் கேட்க அவருக்குப் பாவமாக இருந்தது. "எனக்கு இப்பதான்ப்பா மூச்சே வந்துச்சு. டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன். லீவை மிச்சம் வெச்சா அடுத்த வருஷம் எல்லாருமா வந்து நிதானமா இருக்கலாம், இல்லையா?"

"சரிப்பா."

"சாப்பிட்டீங்களா?"

தபால்காரர் யோசித்தார். சாப்பிட்டாரா என்பது உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. "ஆச்சு" என்றார்.

"அம்மா காலத்துலயே இந்தக் கருவி வந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும், இல்லப்பா?"

"இருந்திருக்கும்" என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கருவி அப்போதே வந்திருந்தால், அவளையும் அளந்து பூஜ்யத்துக்குக் கீழே ஓர் எண் போட்டிருப்பார்கள். மருந்து வேண்டாம், காவல் வேண்டாம், ஊரே கைதட்டியிருக்கும். அவளும் குறைவற்ற ஆரோக்கியத்தோடு அந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவரை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரு, யாரைப் பார்க்கணும்?" என்று தினமும் கேட்டிருப்பாள். அப்போதும் அதைத்தான் கேட்டாள். இப்போது அதைக் கேட்கக்கூட வீட்டில் ஆள் இல்லை.